கலைச்சொல்: ‘சினாத் ஹினம்’ – ‘வீண்பகை’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

> ‘சினாத் ஹினம்’ என்பதற்கு ‘வீண்பகை’ என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ‘சினாத் ஹினம்’ என்பது காரணமில்லாத பகையைக் குறிக்கும் எபிரேயத் தொடர். ஆனால் அது நிற்கிற இடத்துக்கு ‘வீண்பகை’ பற்றாது என்று நினைக்கிறேன்.

யூதர்கள் தங்கள் நாட்காட்டியில் ஆவ் மாதம் 9ஆம் நாளைத் திஷா பாவ் என்ற துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். எருசலேம் ஆலயம் கி.மு. 586இல் பாபிலோனியராலும் கி.பி. 70இல் ரோமராலும் அழிக்கப்பட்டதற்கான துக்கம். சுமார் 25 மணி நேரம் அன்னம் தண்ணீர் இல்லை. குளியல் இல்லை, தோல் செருப்பு இல்லை. இரவில் மங்கலான வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து வேதாகமத்தின் ‘புலம்பல்’ நூலை வாசிக்கிறார்கள். எதிரே வருபவருக்கு வணக்கம்கூடச் சொல்வதில்லை. தெரியாமல் யாராவது சொல்லிவிட்டால் தாழ்ந்த குரலில் பதில் சொல்லலாம்.

இதெல்லாம் வெளியே தெரிவது. ஆலயத்தை இடித்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். யூத அறிஞர்களின் சட்ட விளக்கங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பான தல்மூது கேட்பது, ஏன் இடிந்தது என்று. முதல் ஆலயம் அழிந்தது சிலை வழிபாடு, முறைகேடான உறவு, கொலை ஆகியவற்றால் என்கிறது அதன் யோமா பகுதி. இரண்டாம் ஆலயக் காலத்து மக்களோ யூத வேதமான தோராவைப் படித்தார்கள், கட்டளைகளைக் காத்தார்கள், தர்மமும் செய்தார்கள். அப்புறம் ஏன்? அவர்களிடையே சினாத் ஹினம் இருந்தது. முன்சொன்ன மூன்று பாவங்களுக்கும் இது ஒன்றே ஈடு என்று பதில் வருகிறது. பக்திக்குக் குறைவில்லாத ஒரு சமூகத்தைப் பற்றி அதன் வாரிசுகளே இப்படிச் சொல்லிக்கொள்வதுதான் இந்த நாளின் உயிர் என்பேன்.

இந்த நாளில் வழக்கமாகச் சொல்லப்படுவது தல்மூதின் கித்தீன் பகுதியில் வரும் கம்சா கதை. விருந்து வைத்த ஒருவர் தன் நண்பன் கம்சாவை அழைத்துவரச் சொல்கிறார். வேலையாள் தவறுதலாக அவருடைய பகைவன் பார் கம்சாவைக் கூட்டி வந்துவிடுகிறான். “வந்தது வந்துவிட்டேன், சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிடுகிறேன், அவமானப்படுத்தாதீர்கள்” என்று அவன் கெஞ்சுகிறான். விருந்தில் பாதிச் செலவு, அப்புறம் முழுச் செலவும் தருவதாகச் சொல்கிறான். விருந்து வைத்தவரோ கையைப் பிடித்து வெளியேற்றுகிறார். அங்கே இருந்த அறிஞர்கள் வாய் திறக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் அவன் ரோமரிடம் கோள் சொல்லப் போகிறான். இருவருக்கும் என்ன பகை என்று கதை கடைசிவரை சொல்வதில்லை.

> வேதாகமத்தில் ‘நிமித்தமில்லாமல் என்னைப் பகைக்கிறவர்கள்’ என்று இருக்கிறதே?

நல்ல சுட்டல், அம்மா. சங்கீதம் 69இல் அந்த இடத்தில் எபிரேயத்தில் இருப்பதும் இதே ‘ஹினம்’தான். ஆனால் எகிப்தில் ‘கிரயமில்லாமல்’ சாப்பிட்ட மீன் என்று எண்ணாகமம் 11இல் வருவதும் இதே சொல். விலையும் கேட்காமல் காரணமும் கேட்காமல் வருவது ஹினம். நிமித்தம் என்றால் இன்று பலருக்குச் சகுனம்தான் நினைவுக்கு வரும்.

இன்னொரு தேவையும் இருக்கிறது. யூத மதகுரு ரப்பி ஆபிரகாம் ஐசக் கூக் (1865–1935) இதைத் திருப்பிப் போட்டு, ஹினமான பகையால் அழிந்ததை ஹினமான அன்பால் மீண்டும் கட்டுவோம் என்ற பொருளில் எழுதினார். ஆகவே நம் அடைமொழி பகைக்கும் அன்புக்கும் சேர்ந்து பொருந்த வேண்டும். ‘வீண் அன்பு’ என்றால் கெட்டது குடி!

வைணவத்தில் ‘நிர்ஹேதுக கிருபை’ என்கிறோம்: நம் தகுதியைப் பார்க்காமல் பெருமாள் தானாகக் காட்டும் அருள். ஹேது தமிழில் ‘ஏது’, அதாவது காரணம். அந்த வழியில் ‘ஏதுவிலாப் பகை’, ‘ஏதுவிலா அன்பு’ என்ற இணையை முன்வைக்கிறேன். ‘ஏதிலா’ என்று சுருக்க வேண்டாம். அயலார் என்ற பொருள்படும் ‘ஏதிலார்’ குறுக்கே வரும்.

நாளின் பெயரைத் திஷா பாவ் என்றே விட்டுவிடலாம். இந்தக் கலைச்சொல்லின் பதிவுக் குறிப்பில் கம்சா கதையை இரண்டு வரியில் சேர்க்க விரும்புகிறேன். ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.