காது கேளாத விண்வெளிப் பொறியாளர்: உங்கள் அனுபவம் தேவை

வணக்கம் நண்பர்களே. நிலவின் சுரங்க நிலையம் ஒன்றில் நடக்கும் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி காது கேளாத பொறியாளர். வலிந்து திணித்ததல்ல. 1950களின் இறுதியில், அமெரிக்காவின் காலடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத 11 ஆண்களை நாசாவும் கடற்படையும் விண்வெளிப் பயண ஆய்வுக்காகச் சோதித்தன. பெரும்பாலோருக்கு மூளையுறைக் காய்ச்சல், உடலின் சமநிலையை உணரும் உட்காதைச் சிதைத்திருந்ததால் பயணக் குமட்டல் அவர்களை அண்டவில்லை. கொந்தளிக்கும் கடலில் ஆய்வாளர்கள் வாந்தியெடுக்க, இவர்கள் நிம்மதியாகச் சீட்டாடினார்களாம்!

ஆனால் குமட்டல் வராத அந்த ஒரு திறமையோடு நாயகியை நிறுத்தினால் அவள் வெறும் கருவியாகிவிடுவாள். சிடுசிடுப்பும் குறும்பும் உள்ள, சமயத்தில் தப்பாக முடிவெடுக்கும் பெண்ணாக அவள் இருக்க வேண்டும். (கடைசி அத்தியாயத்தில் காது கேட்கவைக்கும் அற்புத சிகிச்சை கிடையாது. இதில் சமரசமில்லை.)

சைகை மொழியில் புழங்குபவர்கள் சொல்லுங்கள்: கனத்த கையுறை அணிந்தால் எவ்வளவு சைகை தேறும்? விளக்கு அணைந்துவிட்டால் எப்படிப் பேசிக்கொள்வீர்கள்? உதட்டசைவை வைத்து முழு உரையாடலும் புரிவதாகக் காட்டும் சினிமாத்தனம் எனக்கு வேண்டாம். உண்மையில் எவ்வளவு பிடிபடும்? பலர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தில் உங்களுக்கு முதலில் எரிச்சலூட்டுவது எது?

இரண்டு அத்தியாயங்கள் தயார். வாசித்துத் தயவுதாட்சண்யமின்றித் திட்ட யாராவது முன்வந்தால் அனுப்புகிறேன்.