பச்சை ஐகான் காட்டுகிறது, ஆனால் நண்பரால் என் கணினியோடு இணைய முடியவில்லை

கேள்வி:
வணக்கம். நானே பதிவு செய்த ஆடியோ கோப்புகள் ஒரு பெரிய ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. அதை டோரண்டாக்கி, அதாவது என் கணினியிலிருந்து நேரடியாக அவர் கணினிக்குப் போகும்படி, நண்பருக்கு அனுப்பப் பார்க்கிறேன். கியூபிட்டொரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளில் கீழே ஸ்டேட்டஸ் பாரில் பச்சை பிளக் தெரிகிறது. ஆனால் நண்பருக்கு ஒரு துளிகூட இறங்கவில்லை. அவருடைய பியர் பட்டியல் (இணைந்திருக்கும் மற்ற கணினிகளின் பட்டியல்) காலியாகவே இருக்கிறது. போர்ட் (வெளி இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) சோதிக்கும் தளமோ என் போர்ட் மூடியிருக்கிறது என்கிறது. எதை நம்புவது?

பதில் 1:
கணினியின் ஃபயர்வாலில் அனுமதி கொடுத்திருக்கிறீர்களா? டிசிபி, யுடிபி என்ற இரண்டு இணைப்பு முறைகளுக்கும் வேண்டும்.

பதில் 2:
ஃபயர்வாலைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதற்கு முன் அந்த ஐகான் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது போர்ட்டைச் சோதிப்பதே இல்லை. மென்பொருளைத் திறந்த பிறகு வெளியிலிருந்து யாராவது ஒருவர் தானாக வந்து இணைந்தால் போதும், பச்சையாகிவிடும். அப்புறம் ரூட்டரில் போர்ட் மூடிக்கொண்டாலும் பச்சை அப்படியே நிற்கும். மென்பொருளை மூடித் திறந்தாலோ, போர்ட் எண்ணை மாற்றினாலோதான் கணக்கு புதிதாகத் தொடங்கும். இதே காரணத்தால் போர்ட் ஒழுங்காகத் திறந்திருந்தும், யாரும் வராத வரை பச்சை பிளக்குக்குப் பதிலாக மஞ்சள் தீச்சுடரே தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ரூட்டர் அமைப்புகளைக் கலைத்துவிடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்த ஒருவர் எந்த வழியாக வந்தார் என்பதையும் ஐகான் சொல்லாது. புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6 வழியாக வந்திருக்கலாம், யுடிபி வழியாக வந்திருக்கலாம். சோதிக்கும் தளங்கள் பெரும்பாலும் பழைய வகையான ஐபிவி4 முகவரியில் டிசிபியை மட்டும்தான் தட்டிப் பார்க்கும்.

நிறைய பேர் பகிரும் ஒரு லினக்ஸ் ஐஎஸ்ஓவை (லினக்ஸ் நிறுவும் கோப்பை) சீட் செய்துகொண்டே, அதாவது பிறருக்குப் பகிர்ந்துகொண்டே, பியர்ஸ் பட்டியலைத் திறங்கள். ஃபிளாக்ஸ் பகுதியில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ இருந்தால் அவர் வெளியிலிருந்து வந்தவர். அவருடைய முகவரியைப் பாருங்கள். கூடவே ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன என்றும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். ஐ போட்டிருப்பவர்கள் எல்லாருக்கும் முக்காற்புள்ளிகளோடு நீளமான முகவரி. ரூட்டரில் 100.72 என்று தொடங்குகிறது. நண்பரிடம் ஐபிவி4 மட்டும்தான் இருக்கிறதாம்.

பதில் 2:
அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனமே ஒரு பப்ளிக் ஐபியை (இணையத்தில் வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரியை) பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் சிஜிநாட்டுக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் ஐபிவி4 வழியாக யாரும் உள்ளே வர முடியாது. பச்சை வந்தது ஐபிவி6 ஆட்களால்தான்.

பப்ளிக் ஐபி கேட்டு வாங்கலாம். அதுவரை நண்பரைப் போர்ட் திறக்கச் சொல்லுங்கள். அவரிடம் உண்மையான பப்ளிக் ஐபி இருந்தால் போதும், உங்கள் மென்பொருள் அவரைத் தேடிப் போய் இணைந்துகொள்ளும். இருவரில் ஒருவர் பக்கம் திறந்திருந்தாலே கோப்பு போகும்.

கேட்டவர்:
நண்பர் ரூட்டரில், போர்ட்டைத் தானாகத் திறந்துவிடும் யூபிஎன்பியை இயக்கினார். என் பியர்ஸ் பட்டியலில் இப்போது அவர் வந்துவிட்டார், ஐ இல்லாமல். அப்லோட் ஓடுகிறது. மிக்க நன்றி.