குளியலறையில் இருட்டறை: குழாய்த் தண்ணீர் 33 டிகிரி, எங்கிருந்து தொடங்குவது?

கருப்புவெள்ளை_மதுரை:
குளியலறை ஐந்தடிக்கு ஏழடி. ஒரே வென்டிலேட்டர், அதை அடைத்துவிடலாம். 35 எம்எம் ஹெச்பி5 பிளஸ் கருப்புவெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவி, பிறகு பிரிண்டும் போட வேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி வரை போகிறது. கையில் பணம் குறைவு. பழைய என்லார்ஜரை (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) முதலில் வாங்கிவிடலாமா?

வெள்ளி_உப்பு:
என்லார்ஜர் இப்போது வேண்டாம். பிலிம் கழுவ இருட்டறையே தேவையில்லை, பிலிமை ரீலில் சுற்றி, ஒளி புகாத டேங்கில் வைத்து மூடும்வரை இருட்டு இருந்தால் போதும். முதலில் பேட்டர்சன் மாதிரி டேங்க், நம்பகமான தெர்மாமீட்டர், அளவுக் குவளை, ஐடி-11 டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் மருந்து), ரேப்பிட் ஃபிக்சர் (படத்தை நிலைநிறுத்தும் மருந்து) வாங்குங்கள். தெர்மாமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

சேஞ்சிங் பேகை (கையை நுழைத்துப் பிலிம் ஏற்றும் ஒளி புகாத பை) தவிர்த்துவிடலாம். நம் ஊர் வெயிலில் உள்ளே கை வேர்த்து, அந்த ஈரத்தில் பிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டி நகராமல் நின்றுவிடும். ராத்திரி குளியலறை விளக்கை அணைத்து, கதவிடுக்கில் துண்டைத் திணியுங்கள். ஐந்து நிமிடம் நின்ற பிறகும் கீற்று வெளிச்சம் கூடக் கண்ணில் படக் கூடாது. ரீல் முழுக்கக் காய்ந்திருக்கட்டும். பிலிம் முனையை நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் லேசாகக் கத்தரித்தால் சிக்காமல் ஏறும்.

மருந்தை வழக்கமான 20 டிகிரிக்கு இறக்கப் போராடாதீர்கள், 24 போதும். ஐடி-11ஐ 1+1 (ஒரு பங்கு மருந்துக்கு ஒரு பங்கு தண்ணீர்) கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24ல் சுமார் 9. கலக்காமல் ஊற்றினால் 20லேயே ஏழரை நிமிடம்தான், 24ல் ஐந்து நிமிடத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கும் குறைந்தால், மருந்தை ஊற்றவும் கொட்டவும் ஆகும் விநாடிகளே நெகட்டிவில் திட்டாகத் தெரியும். ஒரு சுருளுக்கு டெவலப்பர் 145 மி.லி., தண்ணீர் 145 மி.லி. ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து விநாடிக்குள் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தி, குமிழி போக டேங்கைத் தட்டுங்கள். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்துக்கு லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் போதும்.

போர்வெல்_நீர்:
ஐஸ்கட்டியை மருந்துக்குள் போட்டுவிடாதீர்கள், செறிவு குறையும். டப்பில் தண்ணீர் நிரப்பி, ஃப்ரீசரில் உறையவைத்த பாட்டில்களை மிதக்கவிட்டு, மருந்துப் பாட்டில்களை அதற்குள் நிறுத்துங்கள்.

டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு 33 டிகிரிக் குழாயடியில் அலசுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. பிலிமின் மேல் ஊறியிருக்கும் ஜெலட்டின் படலத்துக்கு அந்தத் திடீர்ச் சூடு ஆகாது. நுண்சுருக்கம் விழலாம், படத்தின் வெள்ளித் துகளும் திரண்டு தெரியும். அலசும் தண்ணீரையும் அதே டப்பில் வைக்க வேண்டும். இல்ஃபோர்ட் முறையில் டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, கடைசியாக 20 முறை செய்தால் பிலிம் சுத்தமாகிவிடும். மூன்று டேங்குக்கும் சேர்த்து ஒரு லிட்டர் கூட ஆகாது என்பதால் முன்கூட்டியே குளிரவைப்பது எளிது.

உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில், வெட்டிங் ஏஜென்ட் (நீர்த்துளித் தடம் படியாமல் வழியவைக்கும் திரவம்) சில துளி விட்டு. பிலிமைத் துணியால் துடைக்கவே கூடாது.

கருப்புவெள்ளை_மதுரை:
நன்றி அண்ணா. ஃபிக்சர் எத்தனை சுருளுக்கு வரும்? பிரிண்டுக்கு சிவப்பு ஜீரோ வாட் பல்ப் போதுமா?

வெள்ளி_உப்பு:
1+4 கலவை ஒரு லிட்டருக்கு 24 சுருள் என்பது கணக்கு. ஆனால் கணக்கை மட்டும் நம்பாமல், வெட்டிய பிலிம் முனையை வெளிச்சத்திலேயே ஃபிக்சரில் போட்டுப் பாருங்கள். தெளிய எடுக்கும் நேரம் புதிதாகக் கலந்தபோது இருந்ததைப்போல் இரண்டு மடங்கானால் மாற்றிவிடுங்கள். பழைய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும், கிணற்றடியிலோ செடிக்கோ கொட்ட வேண்டாம்.

இருட்டறை_சிவப்பு:
சாயம் பூசிய பல்பில் பச்சையும் நீலமும் கசியலாம், மல்டிகிரேட் தாளுக்கு (ஒளியின் நிறத்தை மாற்றிக் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய பிரிண்ட் தாள்) அந்த இரண்டும்தான் ஆகாது. அசல் சிவப்பு எல்இடி நல்லது. எதுவானாலும் சோதியுங்கள்: தாளுக்கு வெளிர்சாம்பல் வரும் அளவு மட்டும் ஒளி காட்டி, மேலே நாணயம் வைத்து, அந்தச் சிவப்பு விளக்கில் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வட்டம் தெரிந்தால் விளக்கு சரியில்லை, அல்லது மிகப் பக்கத்தில் இருக்கிறது. வெறும் வெள்ளைத் தாளில் சோதித்தால் சிறு கசிவு பிடிபடாது.

என்லார்ஜர் வரும்வரை, நெகட்டிவைத் தாள்மேல் நேரடியாக வைத்து ஒளி காட்டும் காண்டாக்ட் பிரிண்ட் போடலாம். ஆறு படம் வீதம் ஆறு துண்டுகளாக வெட்டிய முழுச்சுருளும் 8x10 அங்குலத் தாளில் அடங்கும், மேலே வைக்க ஒரு கனமான கண்ணாடி போதும். பின்னால் என்லார்ஜர் பார்க்கப் போகும்போது டார்ச் எடுத்துச் செல்லுங்கள். 50 எம்எம் லென்ஸில் பின்பக்கமிருந்து ஒளியடித்து நூல்நூலாகப் பூஞ்சை தெரிகிறதா பாருங்கள். என்லார்ஜரின் தலைப்பகுதியைத் தூணின் உச்சிக்கு ஏற்றி லேசாகத் தட்டுங்கள், ஆட்டம் நிற்க நேரமானால் அதை வாங்காதீர்கள்.