பார்ஷியல் செட்டு (சில பல்லுக்கு மட்டும் கழட்டி மாட்டுற பல்செட்டு): மறக்க முடியாத கேஸ் ஒன்று சொல்லுங்கள்

மெழுகுக்கத்தி (பல் லேப்)
கீழ்த்தாடை, ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கிடையாது. அக்ரிலிக் பிளேட், முன்கடைவாய்ப் பல்லுல சி வடிவப் பிடிகம்பி, வழக்கமான வேலைதான். உடைஞ்சு ரிப்பேருக்கு வந்தது. கூட வந்த வாய் அச்சுல பிளாஸ்டர் ஊத்திப் பார்த்தா, முன்பற்களோட உள்பக்க ஈறு உரிஞ்சு இறங்கி வேர் தெரியுது. பிளேட்ல ரெஸ்ட், அதாவது பல்லுமேல உட்கார்ந்து பாரத்தைத் தாங்குற சின்னத் துண்டு, ஒண்ணுகூட இல்லை. மெல்லுற பாரம் மொத்தமும் ஈறுமேல விழுந்து, பிளேட் புதைஞ்சுக்கிட்டே போயிருக்கு. பல்லுல ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் குழி எடுத்து ரெஸ்ட் வச்சு, கோபால்ட் குரோம் உலோகத்துல வார்த்திருந்தா அந்த ஈறு தப்பிச்சிருக்கும்.

ஈறுகாவலன்
மெழுகுக்கத்தி சார், ரெஸ்ட் வச்சா மட்டும் போதாது. பின்னாடி பல்லே இல்லாத கேஸ்ல ஈறு அமுங்கும், பல் அமுங்காது. ரெஸ்ட்டைப் பல் இல்லாத இடத்தை ஒட்டின பின்பக்கத்துல வச்சு விறைப்பான கிளாஸ்ப் (பல்லைப் பிடிக்கிற கம்பி) போட்டா, ஒவ்வொரு கடிக்கும் அந்தப் பல்லை நெம்பும். அப்படி ஆடிப்போய் எடுக்க வேண்டி வந்த முன்கடைவாய்ப் பல்லைப் பார்த்தாச்சு. சொத்தையே இல்லாத நல்ல பல். ரெஸ்ட்டை முன்பக்கத்துக்குக் கொண்டுபோங்க. வார்த்த கிளாஸ்ப்புக்கு 0.25 மில்லிமீட்டர் அண்டர்கட் (கம்பி நுனி பிடிக்கிற, பல்லோட உள்வாங்கின பகுதி) போதும். 0.5 வேணும்னா வார்க்காம இழுத்துச் செஞ்ச கம்பி போடுங்க, அது வளைஞ்சு கொடுக்கும்.

அவசரவார்டு
ஒரே ஒரு பல் வச்ச சின்ன பிளேட். ஒரு பக்கக் கம்பி உடைஞ்சிருந்தும் போட்டுக்கிட்டே தூங்கியிருக்கார். காலையில தொண்டையில வலி, எச்சில் முழுங்க முடியலை. எக்ஸ்ரேயில கொக்கி மாதிரி மீதிக் கம்பி மட்டும் தெரிஞ்சுது. அக்ரிலிக் நிழலே விழாது. அந்தக் கம்பியும் இல்லேன்னா எக்ஸ்ரே நார்மல்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. எண்டோஸ்கோப்பில எடுத்தாங்க.

வளையும்செட்டு
கம்பி வெளியில தெரியக் கூடாதுன்னு கேட்டு வாங்கின நைலான் செட்டு. பக்கத்துப் பல் ஒண்ணு போனதும் அதுலயே சேர்த்துத் தரச் சொன்னாங்க. நைலான்ல அக்ரிலிக் ஒட்டாது. புதுசாத்தான் செய்ய வேண்டி வந்தது. ஆட்டங்கண்ட பல் இருக்கிற வாய்க்கு நைலானைச் சொல்லவே கூடாது.

கேட்காட்டியும் சிலது சொல்லிடறேன். செட்டை வாயில வச்சுக் கடிச்சு உட்கார வைக்காதீங்க, கம்பி வளைஞ்சிடும். ரெண்டு பக்கமும் விரலால ஒரே நேரத்துல அழுத்துங்க. கழுவும்போது கீழ ஒரு பாத்திரத்துல தண்ணி இருக்கட்டும், நழுவி விழுந்தாலும் உடையாது. டூத்பேஸ்ட் கீறும், சாதா சோப்பு போதும். கொதிநீர் பட்டா அக்ரிலிக் கோணும். உலோகச் செட்டை பிளீச்சில போட்டா கறுத்து அரிக்கும். ராத்திரி கழட்டித் தண்ணியில போடுங்க. கம்பி பிடிக்கிற பல்லைத் தனியா ஃபுளோரைடு பேஸ்ட் போட்டுத் தேய்ங்க, சொத்தை முதல்ல அங்கதான் விழும். புண்ணாச்சுன்னா வீட்டுல அரம் வச்சுத் தேய்க்க வேணாம். கழட்டி வச்சுட்டு, டாக்டரைப் பார்க்கிறதுக்கு முந்தின நாள் மறுபடி மாட்டிக்கிட்டுப் போங்க. சிவந்த இடம் தெரிஞ்சாத்தான் எங்க தேய்க்கணும்னு அவருக்குத் தெரியும்.