ஆத்து மணல்ல கிடைச்ச காசு யாருக்கு?

கரூரான்:
மச்சான் ஆன்லைன்ல மெட்டல் டிடெக்டர் ஒண்ணு வாங்கிட்டார். ஊருக்குப் பக்கத்துல பழைய ஊர் புதைஞ்சு கிடக்கிற நத்தமேட்டுக்கு ஞாயித்துக்கிழமை போலாம்னு கூப்பிடுறார். நான் இருபது வருசமா அமராவதியில காசு பொறுக்குறவன். சல்லடையும் கண்ணும்தான், மிஷின் தொட்டதில்ல. "ரெண்டுமே திருட்டுத்தான், பத்து ரூபாய்க்கு மேல எது கிடைச்சாலும் கலெக்டர்ட்ட சொல்லணும்"னு நேத்து ஒருத்தர் பயமுறுத்துறார். அப்படிப் பார்த்தா சேரர் காசுன்னு ஒண்ணு நமக்குத் தெரிஞ்சிருக்குமா? மாக்கோதை, கொல்லிப்பொறைன்னு சேர ராஜாக்கள் பேர் பொறிச்ச காசுகளை மணல் அரிச்சவங்க எடுத்தாங்க, சேகரிக்கிறவங்க வாங்கினாங்க, அதுக்கப்புறம்தானே படிச்சாங்க? அரசாங்கம் தோண்டி எடுத்தது எத்தனை?

மண்ணடுக்கு:
ஆறு வேற, மேடு வேற. முதல்ல அதைப் பிரிங்க. ஆத்துக் காசை வெள்ளம் எத்தனையோ தடவை புரட்டிப் போட்டாச்சு, அதுல நீங்க கெடுக்கறதுக்குப் பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. மேட்டுல அப்படியா? ஒரு காசு, பக்கத்துல கறுப்பு சிவப்புப் பானை ஓடு, கீழ ஒரு பிடி சாம்பல், மூணும் ஒரே அடுக்குல இருந்தாத்தான் காலம் சொல்லலாம். கீழடிக்கு கி.மு. 580-னு ஒரு காலம் கிடைச்சது 353 செ.மீ ஆழத்துல எடுத்த கரித்துண்டை வச்சு. தங்கத்தை வச்சு இல்ல. உங்க மச்சான் மிஷின் கத்தினதும் கடப்பாரையைப் போட்டுக் கிண்டினா கரியும் ஓடும் ஒரே குழம்பாயிடும்.

செல்லாக்காசு:
மிஷினே வேண்டாம், கனவு கண்டாப் போதும். 2013-ல உத்தரப் பிரதேசத்து உன்னாவ் பக்கம் ஒரு சாமியார் ஆயிரம் டன் தங்கம்னு கனவு கண்டார், மத்தியத் தொல்லியல் துறையே மண்வெட்டியோட போச்சு. தங்கம் வந்ததா? சட்டம் மட்டும் நமக்கு.

வக்கீல் குமாஸ்தா:
பத்து ரூபாய் விஷயம் நிஜம். 1878-ஆம் வருசத்துப் புதையல் சட்டம் அது, தொகையும் அந்தக் காலத்துத் தொகை. என்ன கிடைச்சது, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதின்னு கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். பொருளைக் கருவூலத்துல ஒப்படைக்கணும், இல்லன்னா ஜாமீன் கட்டணும். மறைச்சா பங்கும் போச்சு, ஒரு வருசம் வரை உள்ளேயும் போகலாம்.

ஆனா "எல்லாம் கவர்மென்டுக்கு"ன்னு டீக்கடையில சொல்றது தப்பு. உரிமையாளர் யாருமில்லைன்னு முடிவானா, வேற ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல எடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். வில்லங்கம் 16-ஆம் பிரிவுலதான் இருக்கு. அரசு விரும்பினா உலோகத்தோட மதிப்பையும் அதுக்கு மேல ஐந்தில் ஒரு பங்கையும் கொடுத்துட்டு எடுத்துக்கலாம்.

கரூரான்:
உலோகத்தோட மதிப்பா? மூணு கிராம் செப்புக்காசுக்குக் காயலான் கடை விலை போட்டா மூணு ரூபாய் தேறும். மேல அறுபது பைசா. பஸ் டிக்கெட்டுக்கே பத்தாதுங்க.

நான் ஒரு தடவை கொடுக்கத்தான் போனேன். பத்துப் பன்னண்டு சதுரக் காசு ஒண்ணா ஒட்டிக் கட்டியா கிடந்தது. கைக்குட்டையில முடிஞ்சு ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். காலையிலருந்து சாயங்காலம் நாலு மணி வரை பெஞ்சுல உட்கார வச்சுட்டு, "மீதியை எங்க வச்சிருக்க?"ன்னு கேட்டாங்க. ரசீதும் தரல. அன்னைக்கோட சரி.

தேம்ஸ்கரைத் தமிழன்:
இங்கிலாந்துல செத்தவங்களை விசாரிக்கிற கொரோனர்தான் புதையலையும் விசாரிப்பார் (கேட்டா சிரிப்பு வரும், பழைய வழக்கம்). 1996 சட்டப்படி 14 நாளுக்குள்ள சொல்லணும். மியூசியம் எடுத்துக்கிட்டா சந்தை விலை தரும், வழக்கமா எடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி. 2009-ல ஸ்டாஃபர்ட்ஷயர்ல டிடெக்டர்காரர் ஒருத்தர் எடுத்த தங்கக் குவியலுக்கு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு போட்டாங்க. புதையல் கணக்குல வராத சில்லறைப் பொருளைப் பதிவு பண்ணிட்டு உங்ககிட்டயே திருப்பித் தந்துடுவாங்க. அவனவன் தானா வந்து காட்டுறான்.

மண்ணடுக்கு:
தானா வராதவன் கதையையும் சொல்லுங்க. அதே இங்கிலாந்துல லெம்ஸ்டர் பக்கம் 2015-ல ரெண்டு பேர் வைக்கிங்ங்கிற கடற்கொள்ளையர் காலத்துக் குவியல் ஒண்ணை எடுத்துத் திருட்டுத்தனமா வித்தாங்க. முன்னூறு காசு இருந்திருக்கும்னு கணக்கு, திரும்பக் கிடைச்சது 31. 2019-ல ஒருத்தருக்குப் பத்து வருசம், இன்னொருத்தருக்கு எட்டரைன்னு தீர்ப்பு, அப்பீல்ல குறைஞ்சது. இத்தனைக்கும் அங்க சந்தை விலை கிடைக்கும்! நம்ம பத்தூர் நடராஜர் சிலையை மறந்துட்டீங்களா? 1976-ல மண் வெட்டின கூலிக்காரர் கையில கிடைச்சவர், சொற்பக் காசுக்குக் கைமாறி லண்டன் வரை போனார். கோயில் பேர்லயே அங்க வழக்காடி 1991-லதான் ஊர் திரும்பினார்.

சிவகாமி:
மண்ணடுக்கு சார், அந்தக் கூலிக்காரர் முறையா போய்ச் சொல்லியிருந்தா என்ன கிடைச்சிருக்கும்? பெஞ்சுதானே? உத்திரமேரூர்ல 2020-ல கோயில் படிக்கட்டுக்கு அடியில தங்க நகை வந்தப்ப ஊரே சேர்ந்து தரமாட்டோம்னுச்சு. அது எங்க சாமி நகை, கருவூலத்துக்குள்ள போனா திரும்பி வருமான்னு பயம். கடைசியில கொடுத்துட்டாங்க. நீங்க திருட்டைப் பத்திப் பேசுறீங்க, நான் பயத்தைப் பத்திப் பேசுறேன்.

மண்ணடுக்கு:
16-ஆம் பிரிவை மாத்தணும்ங்கறதுல எனக்கு மறுப்பே இல்ல. ரசீதும் தரணும். அதுக்காக மேட்டைத் தோண்ட லைசென்ஸ் கேட்காதீங்க. கரூரான் அண்ணே, ஒண்ணு மட்டும் கேட்கிறேன். இருபது வருசத்துக் காசுல எது எந்த இடத்துல எடுத்ததுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?

கரூரான்:
மழுப்பாமச் சொல்லிடறேன். முதல் அஞ்சு வருசம் எழுதல. அது மட்டுமில்ல, களிம்பு போகட்டும்னு புளி போட்டுத் தேய்ச்சேன். ஒரு காசுல யானைக்கு மேல ஏதோ எழுத்து மாதிரி தெரிஞ்சது. தேய்ச்சு முடிச்சுப் பார்த்தா யானையும் இல்ல, எழுத்தும் இல்ல, மொழுமொழுன்னு ஒரு செம்புத் துண்டு. இன்னும் பர்ஸ்லதான் வச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் நோட்டு போட்டேன். "பாலத்துக்குக் கிழக்க, நாலாவது தூண், முழங்கால் ஆழம்"னு தேதியோட இருக்கு. வேணும்னா ஸ்கேன் பண்ணி அனுப்புறேன். ஆனா அந்த எடத்தைப் போய்ப் பார்க்கணும்னு கிளம்பிடாதீங்க. மணல் லாரி அள்ளின பள்ளத்துல இப்ப ஆள் மட்டத்துக்குத் தண்ணி நிக்குது. அந்த லோடோட எத்தனை காசு எந்த வீட்டுச் சுவத்துக்குப் போச்சோ. அதுக்கு எந்தக் கலெக்டர்ட்ட எழுதிக் கொடுக்கறது?

வக்கீல் குமாஸ்தா:
மச்சான் விஷயம் என்னாச்சு?

கரூரான்:
மேட்டுக்கு வரலன்னு சொல்லிட்டேன். தனியாப் போறாராம்.