600 எம்எம்-ல நிலா: 1.4 கன்வெர்ட்டர் வாங்கலாமா, க்ராப் போதுமா?

தண்டையார்பேட்டை மாடி:
150-600 ஜூம், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) பாடி. காசிமேட்டுல பௌர்ணமி நிலா கடலை விட்டு எழும்போது எடுத்தா விளிம்பு நெளியுது, பள்ளம் ஒண்ணும் பிரியல. லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டி ஃபோகல் லெங்த்தை 1.4 மடங்கு ஆக்குற டெலிகன்வெர்ட்டர் போட்டா சரியாகுமா?

திருவொற்றியூர் டெலி:
தாராளமா வாங்குங்க. ஃபோகல் லெங்த்தை 110-ஆல வகுத்தா சென்சார்ல விழுற நிலாவோட அளவு. 600-க்கு ஐந்தரை மி.மீ., உங்க பாடியில சுமார் 1,400 பிக்சல். 840-க்கு 1,950. க்ராப் பண்ணிப் பெரிசாக்கினா இல்லாத விவரம் எங்கிருந்து வரும்?

ராயபுரம் ரயிலடி:
கணக்கு சரி சார், ஆனா அவர் சொன்ன கோளாறு பிக்சலால வரல. அடிவானத்துல இருக்கிற நிலாவோட வெளிச்சம், உச்சியில இருக்கும்போது தாண்டுற காற்றை விட முப்பது மடங்குக்கு மேல தாண்டி வருது. அதுவும் கடல் ஈரமும் துறைமுகப் புகையும் கலந்த காற்று. கன்வெர்ட்டர் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிசாக்கும், ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும், அதாவது பாதியை, தின்னும். எஃப்/6.3 லென்ஸ் எஃப்/9 ஆயிடும் (எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் குறையும்). பழைய டிஎஸ்எல்ஆர்ல ஆட்டோஃபோகஸ் தடுமாறும்.

இன்னொண்ணு, பௌர்ணமியில பள்ளம் தேடக் கூடாது. சூரியன் நேரா அடிக்கிறதால நிழலே விழாது. வளர்பிறை அஷ்டமியில இருந்து தசமி வரை எடுங்க. அஷ்டமி வாக்குல இருள் விளிம்பை (வெளிச்சமும் இருளும் சந்திக்கிற கோடு) ஒட்டி டாலமேயஸ், அல்போன்ஸஸ், அர்சாகெல்னு மூணு பள்ளமும் வரிசையா நிக்கும். அடுத்த ஓரிரு நாள்ல கோபர்நிக்கஸ் பள்ளம். பங்குனியில அஷ்டமி நிலா பொழுது சாயும்போது நம்ம ஊர்ல கிட்டத்தட்ட உச்சந்தலைக்கே வந்துடும். அது ரொம்ப நல்ல நேரம்.

திருவொற்றியூர் டெலி:
சரி, உச்சியில இருக்கும்போது? 600-ல எஃப்/6.3-ன்னா திறப்பு 95 மி.மீ.; அது 1.2 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில 3,600-ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்) வரை பிரிக்கும். அவரோட பிக்சல் ஒண்ணே 1.3 ஆர்க் செகண்டை விழுங்குது. அப்போ தடுக்கறது சென்சார்தானே? கன்வெர்ட்டர் அதைத்தான் சரி பண்ணுது.

ராயபுரம் ரயிலடி:
காற்று அசையாத ராத்திரியில, குறையில்லாத லென்ஸ்ல அது உண்மை. இந்த ஜூம்கள் பலதும் 600 முனையில முழுசா திறந்தா மசங்கும், எஃப்/8-க்கு மூடினாதான் கூர்மை. மூடினா திறப்பு 75 மி.மீ., பிரிக்கிறது 1.5 ஆர்க் செகண்ட். கன்வெர்ட்டரோட அது எஃப்/11, ஷட்டர் வேகமும் பாதி.

எண்ணூர் அலை:
ரெண்டு பேரும் குலுக்கலை விட்டுட்டீங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரம் ட்ரைபாட் வச்சு, லைவ் வியூவை 10 மடங்கு பெரிசாக்கிப் பாருங்க: கன்டெய்னர் லாரி ஒண்ணு போனா நிலா துள்ளும். நடுக்கம்பத்தை ஏத்தாதீங்க, லென்ஸ் காலரை (லென்ஸைச் சுத்தி இருக்கிற ட்ரைபாட் வளையம்) பிடிச்சு மாட்டுங்க, 2 விநாடி டைமர், ட்ரைபாட்ல ஸ்டெபிலைசர் ஆஃப், ஃபோகஸ் கையால. மொட்டை மாடின்னா தளம் பகல் சூட்டை விட்டு முடிக்கட்டும். ஏசி அறையில இருந்த லென்ஸைப் பைக்குள்ளயே அரை மணி நேரம் வெளிய வைங்க, இல்லைன்னா முன் கண்ணாடியில ஈரம் பூத்துடும். அஷ்டமிக்கு எஃப்/8, ஐஎஸ்ஓ 200, 1/100. பௌர்ணமி நிலா மேல ஏறின பிறகு 1/400.

காசிமேட்டையும் விட்டுடாதீங்க. பௌர்ணமிக்கு முந்தின நாள் சூரியன் மறையறதுக்கு முன்னாடியே நிலா எழும்பிடும், விசைப்படகும் நிலாவும் ஒரே எக்ஸ்போஷர்ல அடங்கும். அந்தப் படத்துக்குப் பள்ளம் தேவையே இல்லை.

திருவொற்றியூர் டெலி:
மாடி, வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்துப் பாருங்க. தசமி நிலா, ரெண்டு விதமாவும் 50 ரா படம். டிஃப் ஃபைலா மாத்தி, ஆட்டோஸ்டாக்கர்ட்ங்கிற படம் அடுக்குற மென்பொருள்ல நல்லதா 10 படத்தை அடுக்குங்க. 600 படத்தை 1.4 மடங்கு பெரிசாக்கிப் பக்கத்துல வைங்க. கோபர்நிக்கஸ் நடுச் சிகரங்கள் எதுல தெளிவா பிரியுதுன்னு தெரிஞ்சுடும். கன்வெர்ட்டர்லதான்னு நான் சொல்றேன்.

ராயபுரம் ரயிலடி:
600, 840, மறுபடியும் 600-னு மாத்தி மாத்தி எடுங்க. காற்று அஞ்சு நிமிஷத்துல மாறிடும், அந்த வித்தியாசத்தை லென்ஸ் தலையில போடக் கூடாது. ரெண்டுலயும் ஒரு ஸ்டாப் மூடி எடுங்க, க்ராப்பை இங்க போடுங்க.