மேட்டுப்பாளையத்திலும் ஊட்டியிலும் ஓடும் புல்லட் 350: எந்த அளவு ஜெட் போடுவது?

கல்லாறு புல்லட் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டின் காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் 350, மிக்குனி வகை வி.எம்.24 கார்புரேட்டர். வீடு மேட்டுப்பாளையத்தில், மாதம் இரண்டு முறை ஊட்டிக்குப் போய் வருவேன்.

பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டதால், உள்ளே தடுப்புகள் குறைவாக உள்ள ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அப்போதே பெட்டி ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டரும் போட்டுவிட்டேன். அன்று முதல் ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னதால், ஒரு ஜெட் கிட் வாங்கினேன். (ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும், துளையிட்ட சிறு பித்தளைத் திருகு; எண் பெரிதானால் பெட்ரோல் கூடும்.) அதில் 95, 100, 105, 110 என நான்கு மெயின் ஜெட்டும், 27.5, 30 என இரண்டு பைலட் ஜெட்டும் இருந்தன. வண்டியில் முதலில் இருந்தவை மெயின் 90, பைலட் 25.

நேரடியாக 110 மெயின் ஜெட்டை மாட்டினேன். இப்போது பர்லியார் தாண்டி ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால் வண்டி திணறுகிறது, கரும்புகை தள்ளுகிறது, ஊட்டி போய்ச் சேர்வதற்குள் பிளக் கரி அப்பிப் போகிறது. ஆனால் எந்த வெடிப்புக்காக இதையெல்லாம் செய்தேனோ, அது இம்மியும் குறையவில்லை. எந்த அளவைப் போட வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிங்காநல்லூர் ஒற்றைச் சிலிண்டர்:

வணக்கம் நண்பரே. ஆக்சிலேட்டரை விட்டதும் வரும் வெடிப்புக்கும் மெயின் ஜெட்டுக்கும் தொடர்பே இல்லை. வி.எம். கார்புரேட்டரில் மெயின் ஜெட் ஆட்சி செய்வது முக்கால் திருகலுக்கு மேல்தான். கால் முதல் முக்கால் வரை ஊசியும் அது இறங்கும் நீடில் ஜெட்டும் காற்று-பெட்ரோல் கலவையைத் தீர்மானிக்கின்றன. மூடிய நிலையிலும் அதையொட்டிய முதல் அரைக்கால் பகுதியிலும் பைலட் ஜெட்டும், அதற்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவும்தான் பொறுப்பு. நீங்கள் 110 போட்டதால் முழுத் திருகலில் கலவை கெட்டியானது, அதாவது பெட்ரோல் கூடிப்போனது. கையை விட்டபோது அந்த ஜெட்டுக்கு வேலையே இல்லை.

ஆகவே எந்த இடத்தில் கோளாறு வருகிறது என்று கண்ணால் பார்த்து அறிவது முதல் வேலை. பிடியில் ஒரு சிறு வெள்ளை டேப் துண்டும், அதை ஒட்டிய ஸ்விட்ச் பெட்டியின் மேல் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று ஐந்து கோடுகளும் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டும்போது நம் கை எவ்வளவு திருகியிருக்கிறது என்று நாமே தவறாகத்தான் கணிக்கிறோம். பாதி திருகியதாக நான் நினைத்த இடம், டேப் ஒட்டிப் பார்த்தபோது கால் கோட்டைக்கூடத் தொடவில்லை.

ஜெட்டைத் தொடுவதற்கு முன் இன்னொன்று. காஸ்ட் அயர்ன் புல்லட்டில் சைலன்சர் பைப் ஹெட்டுக்குள் வெறுமனே செருகி நிற்பது. சைலன்சர் மாற்றும்போது அந்த இடம் எளிதில் தளர்ந்துவிடும். அங்கே கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போனால், எந்த ஜெட் போட்டாலும் வெடிப்பு நிற்காது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட், வால்வுகளுக்கான டேப்பெட் இடைவெளி, பிளக்கின் தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி ஆகியவற்றையும் சரிபார்த்துவிடுங்கள். பாயிண்ட் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும்.

கூம்பு ஃபில்டரைப் பற்றி என் கருத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி ஃபில்டரையே திரும்ப மாட்டுங்கள். லாரிகள் கிளப்பும் புழுதியிலும் மலையின் சாரலிலும் திறந்து கிடக்கும் ஃபில்டரால் எஞ்சினுக்கு நன்மையில்லை. கலவையும் காற்றடிக்கும் பக்கத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

குன்னூர் பட்டறைக்காரர்:

தம்பி, மேலே நண்பர் சொன்னது சரி. மலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை என்பதால், கீழே சரியாக இருந்த கலவை மேலே போகும்போது ஏறக்குறைய 10 சதவீதம் கெட்டியாகிவிடுகிறது. கீழே உங்களுக்கு 100 சரியாக அமைந்தது என்று வைத்துக்கொண்டால், ஊட்டிக்கு உங்கள் பழைய 90-ஏ போதும். 110 போட்டு ஏறினால் கரும்புகை வராமல் என்ன செய்யும்?

அதற்காக மேலே வந்து 90 மாட்டிக்கொண்டு அப்படியே கீழே இறங்கிவிட வேண்டாம். மெலிந்த கலவையோடு சமவெளியில் வெயிலில் வேகமாக ஓட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் என் பட்டறைக்கு வந்த வண்டிகள் உண்டு. கெட்டியான கலவை பிளக்கைத்தான் கெடுக்கும், மெலிந்த கலவை எஞ்சினையே கெடுக்கும். ஆகையால் கீழ்நாட்டுக்கே ஜெட்டை அமைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு முறைதான் வருகிறீர்கள் என்றால், மேலே வந்ததும் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருப்பினால் ஐட்லிங் சீராகிவிடும். வாரக்கணக்கில் இங்கே தங்கினால் மட்டும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள். கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கி, பெட்ரோல் குறையும். கீழே இறங்கும் முன் மறக்காமல் பழையபடி வைத்துவிட வேண்டும்.

வி.எம். வகையில் ஏர் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கும். அதை வெளியே திருப்பினால் காற்று கூடிக் கலவை மெலியும். புதிய புல்லட்டுகளில் வந்த சி.வி. என்ற வேறு வகைக் கார்புரேட்டரில் திருகாணி எஞ்சின் பக்கம் இருக்கும். அங்கே வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நேர்மாறாகத் திருகுபவர்கள் பலர்.

கரூர் பாயிண்ட் பெட்டி:

இருவரும் சொன்னவற்றோடு பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2003-இல் உங்கள் வண்டிக்கு 90 போதுமானதாக இருந்திருக்கலாம்; இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிராம் சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிராம். அதாவது அதே காற்றுக்கு முன்பைவிடக் கூடுதல் எரிபொருள் தேவைப்படுகிறது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி அதைத் தானே ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு நாம்தான் செய்து தர வேண்டும். அதனால் ஒரு படி பெரிய ஜெட் இன்று நியாயமானதே.

முதலில் மெயின் ஜெட், பிறகு ஊசி, கடைசியில் பைலட் என்ற வரிசையைச் சிலர் சொல்வார்கள். பந்தய வண்டிக்கு அது பொருந்தும். ஊருக்குள்ளும் மலையிலும் பாதித் திருகலுக்குள்ளேயே ஓடுகிற புல்லட்டுக்குப் பைலட்டிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் ஏர் ஸ்க்ரூவை முழுதாக உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பி ஐட்லிங் உச்சத்துக்குப் போகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் பைலட் சிறியது, பெரிதாக்க வேண்டும். இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் பைலட் பெரியது.

ஜெட் வாங்கும்போது எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். மிக்குனியின் அறுகோண ஜெட்டில் உள்ள எண் பெட்ரோல் ஓடும் அளவைக் குறிப்பது. கெய்ஹின் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஜெட்டில் உள்ளது துளையின் விட்டம். எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. போலிகளில் துளையும் எண்ணும் பொருந்துவதே இல்லை. அடைப்பெடுக்க ஜெட்டுக்குள் கம்பியோ குண்டூசியோ விடுபவரிடம் கார்புரேட்டரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பித்தளை மென்மையானது, ஒரு கீறல் போதும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதுமானது.

கல்லாறு புல்லட்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவிட்டேன். சைலன்சர் பைப்பைக் கழற்றியபோது, ஹெட்டில் செருகும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் கரி படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, சீலண்ட் தடவி, கிளாம்ப்பை நேராக இறுக்கிய உடனேயே வெடிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. பெட்டி ஃபில்டரையும் திரும்ப மாட்டிவிட்டேன்.

பழைய 25 பைலட்டில் ஏர் ஸ்க்ரூ முக்கால் சுற்றிலேயே உச்சத்தைக் காட்டியது. 27.5 போட்டதும் அது ஒன்றே முக்காலுக்கு வந்தது, மீதி வெடிப்பும் நின்றது. மெயின் ஜெட்டில் 105 போட்டபோது முழுத் திருகலில் இழுவை மந்தமாக இருந்தது. 100-இல் தெளிவாக இழுக்கிறது. காரமடை சாலையில் ஆளில்லாத விடியற்காலையில் டாப் கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்து, கிளட்ச்சைப் பிடித்து ஓரங்கட்டிப் பிளக்கைப் பார்த்தேன். பீங்கானின் அடியில் மெல்லிய பழுப்பு வளையம் இருந்தது, கலவை சரி என்பதன் அடையாளம். நேற்று ஊட்டிக்குப் போனேன். குன்னூர் அண்ணன் சொன்னபடி ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பி, இறங்கும் முன் பழையபடி வைத்தேன். முழுதாகத் திருகினால் மட்டும் லவ்டேலுக்கு மேலே சற்றுக் கனமாக இருக்கிறது. அந்த வளைவுகளில் முழுதாகத் திருகத் தேவையில்லை என்பதால் 100-ஐ அப்படியே விட்டுவிட்டேன்.